புல்லட்டை அரூரிலேயே நிறுத்திவிட்டு வரச் சொன்னேன்

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஓசூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். எங்கள் தீர்த்தமலைப் பக்கத்துக் காலனிப் பையன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அங்கே ஒரு கம்பெனியில் மூன்று வருடமாக ஷிப்ட் வேலை பார்க்கிறான். செகண்ட் ஹேண்டில் ஒரு புல்லட் வாங்கியிருக்கிறான். “அக்கா, ஊருக்கு வண்டியிலயே வந்துரட்டுமா?” என்று கேட்டான்.

நான் யோசிக்கக்கூட இல்லை. “அரூர் ஸ்டாண்டுல போட்டுட்டு பஸ் புடிச்சு வந்துருப்பா. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு வம்பு?” என்றேன்.

“சரிக்கா” என்றான். அப்படியே செய்தான். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவன் கையில் ஹெல்மெட் இருந்தது. அதை ஸ்டாண்டில் விட்டுவர மனசில்லையாம்.

சமூகவியலில் எம்.ஏ. படித்தவள் நான். பத்து வருடத்துக்கு மேலாகக் கிராமம் கிராமமாகப் போய் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிப் பேசுகிறேன். அந்தப் பையனை வண்டியை விட்டு இறக்க எந்தச் சாதி வெறியனும் தடியோடு வரவில்லை. நானே இறக்கிவிட்டேன், அக்கறை என்ற பேரில். இந்தப் பதிவு முதலில் என்னைத் திட்டிக்கொள்ள எழுதுவது. பிறகுதான் மற்றவர்களை.

மற்றவர்கள் யார்? நம் மேடைகளில் “ஜீன்ஸும் பைக்கும் ரீல்ஸுமா அரசியல்?” என்று கேட்கும் மூத்த தோழர்கள். ஸ்டைல், டிசைன், பேஷன் எல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று சொல்பவர்கள். தோழர்களே, நம்மை ஒடுக்கியவர்கள் ஒருநாளும் அதைப் பொழுதுபோக்காக நினைக்கவில்லை. அதற்கென்று சட்டமே போட்டு வைத்திருந்தார்கள்.

1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. விதித்தவர்கள் கள்ளர்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே.எச்.ஹட்டன் அந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். படித்துப் பாருங்கள், ஒரு பேஷன் பத்திரிகையின் பொருளடக்கம் மாதிரி இருக்கும். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. கோட், சட்டை, பனியன் கூடாது. கிராப் வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது.

நிலம் பற்றியோ கூலி பற்றியோ இந்த எட்டில் ஒரு சொல் கிடையாது. எல்லாமே உடம்பின் மேல் என்ன இருக்கலாம், கையில் என்ன இருக்கலாம் என்பது பற்றித்தான். நிலமும் கூலியும் அடுத்த வருடம் வந்தன. 1931 ஜூனில் தடைகளைப் பதினொன்றாக்கியபோது குறைந்த கூலி, சொந்த நிலம் வைத்திருக்கத் தடை, பிள்ளைகளைப் படிக்கவைக்கத் தடை என்றெல்லாம் சேர்த்தார்கள். முதலில் சட்டையைக் கழற்றினார்கள், பிறகு நிலத்தைக் கேட்டார்கள். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதினொன்றில் கடைசித் தடை வாகனம் பற்றியது. கல்யாண ஊர்வலத்துக்குப் பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைக் கழற்றித் தூக்கிக்கொள்ள வேண்டும். வேறு எந்த வாகனத்தையும் எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. தடைகளை மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியக் குதிர்களை அழித்தார்கள், ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். இதுவும் ஹட்டன் எழுதியதுதான்.

எம்.ஏ. வகுப்பில் ஜார்ஜ் சிம்மல் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளரைப் படித்தோம். பேஷன் பற்றி 1904-ல் ஒரு கட்டுரை எழுதியவர். அவர் சொல்வது இதுதான்: மேல்வர்க்கம் ஒரு புதுப் பாணியை உடுத்தும்; கீழ்வர்க்கம் அதைப் பார்த்துத் தானும் உடுத்தும்; உடனே மேல்வர்க்கம் அதைக் கைவிட்டு இன்னொரு பாணிக்குப் போய்விடும். பேஷன் மாறிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். பாரீஸ், மிலான் மேடைகளுக்கு இது பொருந்தும். வருடா வருடம் புது மாடல் கார் வருவதற்கும் பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரன் அதே காரை வாங்கிவிட்டால் இவன் அடுத்ததற்குப் போக வேண்டும்.

தேர்வில் இதை எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். ஊருக்கு வந்து பார்த்தால் கணக்கு உதைத்தது. இங்கே நாம் ஒரு சட்டையைப் போட்டால் ஊர்க்காரர்கள் வேறு சட்டைக்கு மாறுவதில்லை. நம் சட்டையைக் கழற்றச் சொல்கிறார்கள். வர்க்கம் தன் வித்தியாசத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறது. சாதிக்கு அந்தச் செலவுகூட இல்லை. அடுத்தவனுக்குத் தடை போட்டே தன்னை உயரமாகக் காட்டிக்கொள்கிறது. சிம்மலின் மேல்வர்க்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம்மூர் ஆதிக்கச் சாதி நின்ற இடத்தில் நின்றுகொண்டு நம்மை ஓடாதே என்கிறது.

2012 நவம்பர் 7 அன்று நம் தர்மபுரி மாவட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது கேட்டிருப்பீர்கள். ஒரு சாதி மறுப்புத் திருமணம். நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகளில் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. அன்று உயிர்ப்பலி இல்லை. ஆனால் பொருட்களைத் தேடித்தேடி அழித்தார்கள். பைக், டி.வி., பீரோ, பீரோவுக்குள் இருந்த பட்டுப்புடவை, பிள்ளைகளின் சர்டிபிகேட். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துச் சேர்த்தவை. கோபம் ஒரு கல்யாணத்தின் மீது மட்டும்தான் என்றால் பீரோ என்ன பாவம் செய்தது?

நிவாரணத்துக்குத் துணி திரட்டிக்கொண்டு போன மாணவர் குழுவில் நானும் போனேன். மூட்டை மூட்டையாகப் பழைய துணி. பித்தான் இல்லாத சட்டை, கறை படிந்த சுடிதார். ஒரு அம்மா மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தங்களிடம் நல்ல துணி இருந்தது என்று மட்டும் சொன்னார். அழவில்லை. எனக்கு அந்த மூட்டையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொடுப்பவர்களுக்கும் எரித்தவர்களுக்கும் நம்மைப் பற்றி ஒரே படம்தான் மனதில் இருந்திருக்கிறது, கிழிசல் போட்ட ஒரு படம்.

அடுத்த மாதம் பாமக நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்ற பொருளில் பேசியது பத்திரிகைகளில் வந்தது. பலர் சிரித்தோம், மீம்ஸ் போட்டோம். சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை அது. 1930-ன் எட்டுத் தடைகள் 82 வருடம் கழித்து மைக் பிடித்துப் பேசின. கோட்டும் பனியனும் இருந்த இடத்தில் ஜீன்ஸும் டி-சர்ட்டும் வந்து உட்கார்ந்தன, அவ்வளவுதான்.

வாகனத் தடையும் காலாவதியாகவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். அவன் புல்லட் ஓட்டியது பொறுக்காமல்தான் வெட்டினார்கள் என்பது குடும்பத்தாரின் புகார். வண்டியை ஓட்டும் கை எதுவோ அதையே வெட்டியிருக்கிறார்கள். அந்த ஊர் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். (நான் அரூர் ஸ்டாண்டைக் கைகாட்டியபோது என் மனதில் இருந்தது இந்தச் செய்திதான். அது என் காரணம். நியாயம் அல்ல.)

இனி மிலானுக்குப் போவோம். 2025 ஜூன் 22 அன்று அங்கே பிராடா நிறுவனத்தின் ஆண்கள் பேஷன் ஷோ. மேடையில் நடந்த மாடல்களின் காலில் நம் நாட்டுக் கோலாப்புரிச் செருப்பு. நிறுவனம் அதற்கு வைத்த பெயர் வெறும் தோல் செருப்பு. இந்தியாவில் கொந்தளிப்பு. 2019-லேயே புவிசார் குறியீடு வாங்கிய செருப்பு அது, மகாராஷ்டிரத்தில் நான்கு, கர்நாடகத்தில் நான்கு என எட்டு மாவட்டங்களுக்கு உரியது. பிறகு நிறுவனம் ஒப்புக்கொண்டது, ஆட்களை அனுப்பியது. டிசம்பரில் இரண்டு மாநிலங்களின் தோல் தொழில் வளர்ச்சிக் கழகங்களோடு ஒப்பந்தம் போட்டு, 2,000 ஜோடி செய்யப்போவதாக அறிவித்தது. ஒரு ஜோடி சுமார் 800 யூரோ. நம் காசில் எண்பதாயிரத்துக்கு மேல்.

‘நம் பாரம்பரியத்தைத் திருடிவிட்டார்கள்’ என்று டி.வி.யில் கொதித்தவர்களின் முகங்களை நினைத்துப் பாருங்கள். யாருடைய பாரம்பரியம்? செத்த மாட்டைத் தூக்கி, தோலை உரித்து, பதனிட்டு, தைத்த சம்பார், தோர், சமகாரர் சாதிகளின் கைவேலை அது. அந்தக் கையை நாற்றம் என்று சொல்லி ஊருக்கு வெளியே வைத்த சமூகம், அதே செருப்புக்கு வெளிநாட்டில் எண்பதாயிரம் விலை வந்ததும் அதை ‘நம்முடையது’ ஆக்கிக்கொண்டது. பிராடா திருடியது என்பது உண்மை. ஆனால் திருட்டுப் புகார் கொடுத்தவரும் பொருளுக்குச் சொந்தக்காரர் இல்லை.

இதில் மொழி செய்யும் வேலையையும் கவனியுங்கள். மிலானில் உட்கார்ந்து வரைபவர் டிசைனர். கோலாப்பூரில் உட்கார்ந்து செய்பவர் கைவினைஞர். டிசைனருக்குப் பெயர் உண்டு, கைவினைஞருக்கு ‘பாரம்பரியம்’ உண்டு. பாதத்தின் வளைவுக்குத் தோலை எந்தப் பக்கம் திருப்பி வெட்டுவது, பின்னலை எங்கே முடிப்பது என்று தீர்மானித்தவர் டிசைனர் இல்லையா? மும்பையில் சுதீர் ராஜ்பர் என்ற கலைஞர் தன் நிறுவனத்துக்கு ‘சமார் ஸ்டுடியோ’ என்றே பெயர் வைத்திருக்கிறார். வசைச் சொல்லாக வீசப்பட்ட சாதிப் பெயரை எடுத்து, பையின் மீது பிராண்ட் பெயராக அடித்து விற்கிறார். எல்லோரும் அந்த வழியில்தான் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாதிப் பெயரைச் சுமப்பதில் எனக்குச் சங்கடம் உண்டு. ஆனால் செய்தவர் யார் என்பதை மறைக்க முடியாதபடி செய்துவிட்டார் அல்லவா? அதைத்தான் கேட்கிறேன்.

செருப்பைச் செய்தவனுக்குச் செருப்புப் போட உரிமை இருந்ததா என்பது அடுத்த கேள்வி. திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் ஒரு தெரு உண்டு, தலித்துகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய தெரு. 2023 டிசம்பரில் 60 பேர் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தார்கள். விளக்குகள் இல்லை, இசை இல்லை. என்னைக் கேட்டால் அந்த வருடத்தின் பேஷன் ஷோ அதுதான். சாதாரண ரப்பர் செருப்பு, நூறு இருநூறு ரூபாய் இருக்கும். மிலான் மேடையில் நடந்த எந்த மாடலுக்கும் அடுத்த அடி வைத்தால் என்ன ஆகுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருக்காது.

திருப்பூர் என்றதும் இன்னொன்று. எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்ததும் மில்லுக்குப் போகிறார்கள். உலகத்தின் பெரிய பெரிய பிராண்டுகளின் லேபிளைத் தைக்கிறார்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆலை ஒன்றில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய சூப்பர்வைசர். பெண்களே தலைமை ஏற்ற தொழிற்சங்கம் விடாமல் போராடியதால்தான் 2022 ஏப்ரலில் எச் அண்ட் எம் நிறுவனம் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. பாலியல் துன்புறுத்தலையும் சாதிப் பாகுபாட்டையும் சேர்த்தே பேசும் ஒப்பந்தம் அது. பேஷன் நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர் அடுத்த முறை அந்தப் பெண்களிடம் போய்க் கேட்கட்டும்.

காருக்கு வருகிறேன். ரோல்ஸ் ராய்ஸ் சீட்டுக்குக் காளைத் தோல்தான் போடுவார்களாம். கன்று ஈன்ற பசுவின் தோலில் கோடு விழுந்துவிடும், அதனால். எந்த மலைக்காட்டில் மேய்ந்த காளை என்பதுகூட விளம்பரத்தில் வரும். அந்தத் தோலை ஊறவைத்து, சுரண்டி, பதனிட்ட கை யாருடையது என்பது வராது. நம் மாநிலத்தில் அந்தக் கைகள் இருக்கும் இடம் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஆலைக் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். இன்று அதே ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா–ஜாகுவார் லேண்ட் ரோவர் ஆலை. 2024 செப்டம்பர் 28-ல் அடிக்கல் நாட்டினார்கள், 9,000 கோடி ரூபாய் முதலீடு. ஆலை வரட்டும். நம் பிள்ளைகள் அதற்குள் எந்த மேஜையில் உட்காரப்போகிறார்கள், டிசைன் அறையிலா, பெயின்ட் கடையிலா, கக்கூஸ் கழுவும் ஒப்பந்தத்திலா என்பதுதான் என் கேள்வி.

நம் ஊர்ச் சாலைகளில் பெரிய காருக்கு ஒரு தனிப் பாணி உண்டு. வெள்ளை ஸ்கார்ப்பியோ, கறுப்புக் கண்ணாடி, பின்பக்கம் ‘ஆண்ட பரம்பரை’ ஸ்டிக்கர். குருபூஜை நாளில் நூறு வண்டி வரிசையாகப் போகும். அந்த ஸ்கார்ப்பியோ எந்த பைனான்ஸில் வாங்கியது, எத்தனை மாதம் டியூ நிற்கிறது என்று எந்தத் தோழரும் எந்த மேடையிலும் கேட்டதில்லை. நுகர்வு வெறி என்ற சொல் காலனி எல்லையைத் தொட்டதும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது.

கடன் இல்லை என்று நான் சொல்லவில்லை. டியூ கட்டாமல் வண்டியைத் தூக்கிக்கொண்டு போன வீட்டு வாசலில் நின்று பைனான்ஸ்காரரிடம் பேசியிருக்கிறேன். மகளிர் குழுக் கடனை வைத்து மகனுக்கு பைக் வாங்கிக் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் தூக்கமில்லாமல் இருந்த அம்மாவையும் தெரியும். அதைப் பேச வேண்டும், வட்டியோடு, கணக்கோடு, கடன் கொடுத்தவனையும் நிற்கவைத்துப் பேச வேண்டும். பிள்ளையின் ஆசையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. 80,000 ரூபாய்ச் செருப்பை வாங்கினால் விடுதலை என்று நினைப்பவனும் ஏமாளிதான்; ஆனால் அவன் இதுவரை யார் வீட்டையும் கொளுத்தவில்லை.

எளிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேலாடையைக் களைந்தார், மகாத்மாவின் எளிமை ஆனது. களைவதற்கு அவரிடம் இருந்தது. சட்டை போடக் கூடாது என்று சொல்லப்பட்டவனுக்குச் சட்டை இல்லாமல் நிற்பது தியாகம் ஆகாது. அண்ணல் அம்பேத்கர் 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம் புடவையை எப்படிக் கட்டுவது என்பது வரை பேசினார். தீண்டப்படாதவள் என்று அடையாளம் காட்டும் கட்டையும் கனத்த நகைகளையும் விடச் சொன்னார். அவரே கடைசிவரை கோட் சூட்டில் நின்றார். அதற்கும் முன்னால், 1893-ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி தலைப்பாகை கட்டி, வெள்ளை வேட்டி உடுத்தி, ஒரு வில்வண்டியை வாங்கி, நமக்குத் தடை செய்யப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். வில்வண்டி என்பது அந்தக் காலத்து உயர்ரகக் கார். மறித்தார்கள். அவர் வண்டியைத் திருப்பவில்லை. “எதுக்கு வம்பு, வண்டியை ஓரமா விட்டுட்டு நடந்து வா” என்று சொல்ல அவருக்கு என்னைப் போல ஒரு அக்கா இல்லாதது நம் அதிர்ஷ்டம்.

கடைசியாக ஒரு சட்டப் பிரிவு, போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு 3(1)-ல் ‘இசட்-ஏ’ என்ற உட்பிரிவு. பட்டியல் சாதி, பழங்குடியினர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுத்தால், செருப்பு அணிவதைத் தடுத்தால், புது ஆடை உடுத்துவதைத் தடுத்தால், கல்யாண ஊர்வலம் போவதையோ அதில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதையோ தடுத்தால், ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. ‘புது ஆடை’ என்ற சொல்லை ஒரு குற்றவியல் சட்டத்துக்குள் எழுத வேண்டிய நிலையில் இந்த நாட்டின் நாடாளுமன்றம் இருந்திருக்கிறது. ஸ்டேஷனில் புகார் எழுதும்போது ‘வாய்த்தகராறு’, ‘முன்விரோதம்’ என்று எழுதச் சொல்வார்கள். வண்டி என்ன, அதைப் பற்றி என்ன சொன்னார்கள், சட்டையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதை அப்படியே எழுதுங்கள். உட்பிரிவையும் எழுதுங்கள். அது இல்லாமல் போன வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

பொங்கலுக்கு அந்தத் தம்பி வருகிறான். இந்த முறை நானே போன் செய்தேன். வண்டியில் வரச் சொன்னேன். அரூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், அங்கிருந்து தீர்த்தமலை வரைக்கும் பின்சீட்டு எனக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அப்ப இன்னொரு ஹெல்மெட் எடுத்துட்டு வரேங்க்கா” என்றான்.